மாதக் கணக்கும் வாரக் கூலியும்

திருப்பூர் வேலம்பாளையத்தில் சம்பள நாள் சனிக்கிழமை. பவர் டேபிளில் ஓவர்லாக் தைப்பவர், செக்கிங் மேசையில் நிற்பவர், பக்கத்து அனுப்பர்பாளையத்துப் பட்டறையில் பித்தளைக் குடம் அடிப்பவர் என்று ஊரில் பாதிப் பேருக்கு வருமானம் என்பது வாரக் கணக்கு. அதற்கும் உள்ளே போனால் ஷிப்ட் கணக்கு அல்லது பீஸ் கணக்கு. இதே ஊரிலிருந்து, கணவனைப் பிரிந்த ஒரு பெண் ஜீவனாம்சம் கேட்டு நீதிமன்றம் போனால், வக்கீல் முதலில் கேட்பது கணவர் மாதம் எவ்வளவு சம்பாதிக்கிறார் என்பதைத்தான். மனுவில் அந்த இடத்தில் ஏதாவது ஒரு எண்ணைப் போட்டாக வேண்டும். எதிர்த்தரப்பு பதிலுரையில் வேறொரு எண்ணைப் போடும். இரண்டுக்கும் காகிதம் இருக்காது. நீதிபதி இரண்டுக்கும் நடுவில் ஒரு தொகையைச் சொல்வார். ஜீவனாம்சத் தொகையைத் தீர்மானிப்பவை மனைவியின் தேவையும் கணவனின் வசதியும் என்று சட்டப் புத்தகங்கள் சொல்கின்றன. ஆனால் இந்தச் சட்டத்தின் 160 ஆண்டு வரலாற்றைப் பார்த்தால் அவற்றுக்கு முன்னால் இன்னொன்று நிற்கிறது: பணம் எந்த உருவத்தில் வீட்டுக்கு வருகிறது என்பது. நிலத்திலிருந்து வந்தால் சட்டத்துக்கு அதைப் பிடிக்கத் தெரியும். மாதச் சம்பளமாக வந்தாலும் தெரியும். வாரக் கூலியாக வந்தால் இன்றுவரை தடுமாறுகிறது.

பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 1861-இல் வந்தது. அதன் 316-ஆம் பிரிவு, வசதியிருந்தும் மனைவியையும் பிள்ளைகளையும் காப்பாற்றாத ஆணுக்கு மாஜிஸ்திரேட் மாதத் தொகை விதிக்கலாம் என்றது. உச்சவரம்பு 50 ரூபாய். அந்தப் பிரிவு 1872-இலும் 1882-இலும் எண் மாறி, 1898 சட்டத்தில் 488-ஆம் பிரிவாக நிலைத்தது. குடும்ப உரிமைக்கான ஏற்பாடு குற்றவியல் சட்டத்துக்குள் ஏன் போய் உட்கார்ந்தது என்பதற்கு, 1872 சட்டத்தை வடிவமைத்த ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபனே விளக்கம் தந்திருக்கிறார்: ஆதரவற்றவர்கள் தெருவில் அலைவதையும் அதன் விளைவுகளையும் தடுக்க இது ஒரு வழி. அதாவது அக்கறை பொது ஒழுங்கின் மீது. மனைவி என்ற தகுதிக்கு உரியது என்ன, கணவன் வீட்டில் அவள் எப்படி வாழ்ந்தாள் என்பதெல்லாம் மாஜிஸ்திரேட்டின் வேலை அல்ல. அவள் பட்டினி கிடக்காமல் இருந்தால் போதும். அதனால்தான் மதம், சாதி எதுவும் பாராமல் எல்லாருக்கும் ஒரே பிரிவு, எல்லாருக்கும் ஒரே உச்சவரம்பு. அது பின்னர் 100 ரூபாயாகி, 1955-இல் 500 ரூபாயாகி, 2001 வரை அங்கேயே நின்றது. 1955-இல் 500 ரூபாய் கணிசமான தொகை. 2001-இல் திருப்பூரில் அது ஒரு டெய்லரின் வாரக் கூலிக்குள் அடங்கிவிடும். இடையில் 1978-இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், அந்த 500 என்பது குடும்பத்துக்கு மொத்தமாக அல்ல, மனைவிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனி என்று பொருள் சொல்லிப் பெரிதும் முயன்று கொஞ்சம் இடம் பண்ணிக் கொடுத்தார்.

அதே காலத்தில் வசதியுள்ள வீட்டுப் பெண்ணுக்கு வேறொரு கதவு இருந்தது. அது சிவில் நீதிமன்றம். கொங்கு நாட்டுக் காட்டு வெள்ளாமையில் பருத்தியும் சோளமும் விளைந்த நிலம் ஒரு குடும்பத்துக்கு இருந்தால், விதவைக்கோ ஒதுக்கப்பட்ட மனைவிக்கோ ஆண்டுக்கு இவ்வளவு தானியம், இவ்வளவு ரொக்கம், குடியிருக்க ஒரு பக்கம் என்று எழுதிவைப்பது பழக்கத்தில் இருந்தது. நீதிமன்றங்களும் அதே கணக்கில் டிகிரி கொடுத்தன. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம் 39-ஆம் பிரிவு இன்னும் ஒரு படி போனது: ஜீவனாம்ச உரிமை இருக்கிறது என்று தெரிந்தே நிலத்தை வாங்கியவனும் அந்தப் பாத்தியதைக்குக் கட்டுப்பட வேண்டும். இதன் நுட்பம் கவனிக்கத்தக்கது. கணவன் மனம் வைத்தாலும் வைக்காவிட்டாலும் நிலம் அங்கேயே இருக்கும், விளையும், ஓடிப்போகாது. ஆகவே தொகையை நிர்ணயிக்க அமீனா நிலத்தைப் பார்த்தால் போதும், வசூலிக்கவும் அதே நிலம் போதும். நிலமில்லாதவன் மனைவிக்கு இது எதுவும் இல்லை. அவளுக்கு 50 ரூபாய்க்கு உட்பட்ட மாஜிஸ்திரேட் உத்தரவுதான். அதற்கும் கோர்ட் ஏற வேண்டும்.

பெரும்பாலோர் ஏறவில்லை, ஊர்ப் பஞ்சாயத்தில் முடித்துக்கொண்டார்கள். தமிழகத்தின் உழைக்கும் சாதிகள் பலவற்றில் அத்துவிடுவதும் மறுபடி கட்டிக்கொள்வதும் வழக்கமாக இருந்தன. 1955-இன் இந்துத் திருமணச் சட்டமே 29-ஆம் பிரிவில் அத்தகைய வழக்கத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. பஞ்சாயத்தின் கணக்கு மாதக் கணக்கு அல்ல. சீர் திரும்ப வரும், நகை திரும்ப வரும், பிள்ளைக்கு என்று ஒரு தொகை பேசப்படும், அதோடு தீர்ந்தது. இந்த முறையை இன்று புகழ்ந்து பேசுவோர் உண்டு. வாய்தா இல்லை, வக்கீல் ஃபீஸ் இல்லை, ஒரே நாளில் கையில் பணம் என்பார்கள். வேகம் உண்மைதான். ஆனால் பேரம் பேச உட்கார்ந்தவர்களில் பெண் இல்லை என்பதும், பெண் வீட்டாரின் பலத்தைப் பொறுத்தே தொகை ஏறியது இறங்கியது என்பதும் அதே அளவு உண்மை. ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி வாங்கிய விடுதலைப் பத்திரம் பின்னால் எவ்வளவு தூரம் நிற்கும் என்பது வேறு கேள்வி. தமிழ்நாட்டிலிருந்து சென்ற சுப்பிரமணி எதிர் சந்திரலேகா வழக்கில் உச்ச நீதிமன்றம், வழக்கப்படி விவாகரத்து நடந்தது என்பவர் அந்த வழக்கம் தம் சமூகத்தில் இருப்பதைக் குறிப்பாகச் சொல்லி நிரூபிக்க வேண்டும் என்றது. நிரூபிக்க முடியாதபோது பத்திரம் வெறும் காகிதமாகிவிடும். இரண்டாவதாகக் கட்டிக்கொண்டவளுக்கு மனைவி என்ற தகுதியே கேள்வியாகிவிடும். சுயமரியாதைத் திருமணம் செய்தவர்களும் ஒரு காலத்தில் இதே இடத்தில்தான் நின்றார்கள். 1967-இல் அண்ணா அரசு அதே திருமணச் சட்டத்தில் கொண்டுவந்த 7-ஏ பிரிவுதான் அந்தத் திருமணங்களுக்குச் சட்டத்தின் முகம் கொடுத்தது. தொகை பற்றிப் பேசும் முன்பே மனைவிதானா என்ற வாசற்படியில் பல மனுக்கள் நின்றுபோயிருக்கின்றன.

மாதம் என்ற அளவைப் பற்றி இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் அது இயற்கையாக வந்ததல்ல. இந்தியாவுக்கு மாதத் தொகை என்று எழுதிய அதே ஆட்சியாளர்கள் தங்கள் நாட்டில் வேறு மாதிரி எழுதினார்கள். மனைவியை அடித்துத் தண்டனை பெற்ற கணவன் அவளுக்குத் தொகை கட்ட மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம் என்று இங்கிலாந்தில் 1878-இல் வந்த சட்டம் அந்தத் தொகையை வாரத் தொகை என்றது. கைவிடப்பட்ட மனைவிகளுக்கும் அந்த உரிமையை விரித்த 1886-ஆம் ஆண்டின் சட்டம் வாரம் 2 பவுண்டு வரை என்றது. காரணம் எளிது. லங்காஷயரின் பஞ்சாலைத் தொழிலாளி வாரச் சம்பளக்காரர். அவர் மனைவி வாடகையும் ரொட்டியும் வாரக் கணக்கில் வாங்கினாள். மாஜிஸ்திரேட்டும் வாரக் கணக்கில் பேசினார். பணக்காரர்களுக்கான விவாகரத்து நீதிமன்றம் ஆண்டு வருமானத்தில் பங்கு பிரித்தது. தொழிலாளி வர்க்கத்தின் குடும்பச் சண்டை பற்றி அந்த ஆட்சியாளர்களுக்குத் தங்கள் ஊரில் தெரிந்திருந்தது. இந்தியாவில் அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தவர்கள் மிராசுதாரும் சர்க்கார் குமாஸ்தாவும். 1925-இல் குலாம் காதர் திருப்பூரில் பேபி நிட்டிங் என்ற பின்னலாடைத் தொழிலைத் தொடங்கியபோது, இந்த ஊரில் உருவாகப்போகும் வாரக் கூலிக் குடும்பங்களுக்கான சட்டம் ஏற்கெனவே 64 வயதான மாதக் கணக்காக இருந்தது.

விடுதலைக்கு முன்னும் பின்னும் வந்த சட்டங்கள் பெண்ணின் உரிமையை உண்மையிலேயே பெரிதாக்கின. 1946-இன் மத்தியச் சட்டம், கணவன் மறுமணம் செய்தால் தனியே வாழ்ந்துகொண்டே ஜீவனாம்சம் கேட்கலாம் என்றது. 1949-இல் சென்னை மாகாணம் இருதார மணத்தைத் தடை செய்து இந்துக்களுக்கு விவாகரத்தும் தந்தது. நாடு முழுமைக்கும் அது வருவதற்கு 6 ஆண்டு முன்னால். 1955-இன் திருமணச் சட்டத்தில் 24-ஆம் பிரிவு வழக்கு நடக்கும்போது இடைக்காலத் தொகை, 25-ஆம் பிரிவு நிரந்தரத் தொகை. இரண்டும் கணவனோ மனைவியோ யாரும் கேட்கலாம். 1956-இன் சட்டம் 23-ஆம் பிரிவில் எதையெல்லாம் எடைபோட வேண்டும் என்று சொன்னது: இருவரின் தகுதியும் அந்தஸ்தும், கேட்பவரின் நியாயமான தேவை, அவருக்குச் சொந்தமாக என்ன இருக்கிறது, தனியே வாழ நியாயம் உண்டா, கணவன் காப்பாற்ற வேண்டியவர்கள் எத்தனை பேர். ஸ்டீபனின் பட்டினிக் கணக்கிலிருந்து இது மிகத் தொலைவு. கேள்வி மாறிவிட்டது. ஆனால் விடை தேடுமிடம் மாறவில்லை.

உதாரணத்துக்குப் பங்கு விகிதங்களைப் பார்ப்போம். கிறிஸ்தவர்களுக்கான 1869-ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டம், வழக்கு நடக்கும் காலத்துத் தொகை கணவனின் நிகர வருமானத்தில் 5-இல் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்றது. 2001-இல் அந்த வரம்பு நீங்கியது. 488-இன் வாரிசான 125-ஆம் பிரிவின் 500 ரூபாய் வரம்பும் அதே ஆண்டு நீங்கியது. இப்போது வக்கீல்கள் வாயில் அடிபடுவது 25 சதவீதம். அது எங்கும் சட்டமாக எழுதப்படவில்லை. 1970-இல் டாக்டர் குல்பூஷண் குன்வர் வழக்கில் உச்ச நீதிமன்றம் கணவனின் நிகர வருமானத்தில் கால் பங்கை ஏற்றுக்கொண்டது. 2017-இல் கல்யாண் தே சௌத்ரி வழக்கில் அதை மீண்டும் எடுத்து, மாதம் 95,527 ரூபாய் நிகரச் சம்பளம் வாங்கியவருக்கு 20,000 ரூபாய் விதித்தது. இரண்டு வழக்கிலும் கையில் பிடித்துக் காட்ட ஒரு எண் இருந்தது. கால் பங்கு என்ற விதி அந்த எண்ணின் மீது ஏறி நிற்கிறது. விதி எல்லாருக்கும் ஒன்றாக இருந்தால் நீதிபதிக்கு நீதிபதி தொகை மாறாதே, அதையே சட்டமாக்கிவிடலாமே என்று கேட்பவர்களுக்கு வேலம்பாளையத்திலிருந்து ஒரு கணக்குப் போட்டுக் காட்டலாம்.

ஒரு டெய்லருக்கு 8 மணி நேர ஷிப்டுக்கு 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஷிப்மெண்ட் நெருங்கும் மாதத்தில் தினமும் ஒன்றரை ஷிப்ட், வாரம் 6 நாள். வாரத்துக்கு 5,400, நாலு வாரத்துக்கு 21,600. ஆர்டர் இல்லாத மாதத்தில் வாரம் 4 நாள், ஒற்றை ஷிப்ட். வாரத்துக்கு 2,400, நாலு வாரத்துக்கு 9,600. கால் பங்கு என்பது ஒரு மாதத்தில் 5,400, இன்னொரு மாதத்தில் 2,400. மனைவியின் வக்கீல் முதல் எண்ணைச் சொல்வார், கணவனின் வக்கீல் இரண்டாவதை. இருவரும் பொய் சொல்லவில்லை. வேடிக்கை என்னவென்றால், இதற்கான மருந்து அந்தப் பழைய 1869 சட்டத்திலேயே இருந்தது: கடந்த 3 ஆண்டுச் சராசரி வருமானத்தை எடு என்றது அது. உச்சவரம்போடு சேர்த்துச் சராசரியையும் தூக்கிப் போட்டுவிட்டோம். நல்ல நாளும் கெட்ட நாளும் மாறி மாறி வரும் ஊருக்குச் சராசரியைவிடப் பொருத்தமான அளவு வேறு கிடையாது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோதும், 2020 ஊரடங்கிலும், 2025-இல் அமெரிக்கா வரியை 50 சதவீதமாக உயர்த்தியபோதும் இந்த ஊரில் ஷிப்டுகள் சுருங்கின. வரலாறு முழுக்க இப்படித்தான். தொகையை மாற்றக் கேட்கக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் வழி இருக்கிறது (முன்பு 127-ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 146); ஆனால் ஆர்டர் குறையும்போதெல்லாம் ஒரு மனு, கூடும்போதெல்லாம் ஒரு மனு என்று யாரும் போட முடியாது.

கணக்கு எழுதும் பழக்கமும் இந்த ஊரில் குறைந்துகொண்டே வந்தது. பஞ்சப்படி கேட்டு 127 நாள் நடந்த 1984 வேலைநிறுத்தக் காலத்தில் கம்பெனி, தொழிலாளி, சம்பளப் பதிவேடு என்ற மூன்றும் ஓரளவு ஒரே கூரையில் இருந்தன. ஏற்றுமதி பெருகிய பின் கட்டிங் ஓரிடம், தையல் ஓரிடம், செக்கிங் ஓரிடம் என்று ஜாப் ஒர்க்காக உடைந்து, கான்ட்ராக்டர் என்றொருவர் நடுவில் வந்தார். யார் எத்தனை பீஸ் தைத்தார் என்பது அவர் பாக்கெட் நோட்டில் மட்டும் இருக்கும். முன்பு ‘15. வேலம்பாளையம்’ என்று எண்ணோடு சேர்த்து அழைக்கப்பட்டுத் தனி நகராட்சியாக இருந்து, 2011-இல் திருப்பூர் மாநகராட்சியில் சேர்ந்த இந்தப் பகுதியில் வீட்டு முன்னறையில் நாலு மெஷின் போட்ட யூனிட்டுகள் ஏராளம். இங்கே எம்.சி. எனப்படும் ஜீவனாம்ச வழக்கில் சாட்சிக் கூண்டில் ஏறும் கணவன், ‘வேலைக்குப் போகவில்லை, எப்போதாவது கூப்பிட்டால் போவேன்’ என்பார். மறுக்கக் காகிதம் இருக்காது.

அந்த இடத்தில் நீதிமன்றங்கள் கைக்கொண்ட கருவி ஓர் ஊகம். உடல் திடமான ஆண் சம்பாதிக்க முடியும், சம்பாதிக்க வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 1968-இல் சொன்னது. வேலையில்லை, தொழில் நொடித்துவிட்டது என்பதெல்லாம் வெறும் சாக்கு என்று 2015-இல் ஷமீமா ஃபரூக்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் கடுமையாகச் சொன்னது. உடலுழைப்பாவது செய்து கொடுக்க வேண்டும் என்று 2022-இல் அஞ்சு கர்க் வழக்கில் திரும்பச் சொன்னது. 2024 ஜனவரியில் அலகாபாத் உயர் நீதிமன்றம், கூலி வேலை செய்தாலும் நாளொன்றுக்கு 300, 400 ரூபாய் கிடைக்குமே என்று சொல்லி மாதம் 2,000 ரூபாயை உறுதி செய்தது. ஆண்களுக்கு இது அநியாயம் என்ற குற்றச்சாட்டில் ஓரளவு நியாயம் இருக்கிறது. நோயாளியும், முதுகு போன கட்டிங் மாஸ்டரும் கூட அந்த ஊகத்துக்குள் அடைபடலாம். ஆனால் அதே ஊகம் மறுபுறம் என்ன செய்கிறது என்பதைக் குற்றம் சாட்டுபவர்கள் பார்ப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத வருமானத்தை அது குறைந்தபட்சக் கூலி அளவில் கட்டிப்போடுகிறது. ஒன்றரை ஷிப்ட் ஓட்டும் திறமையான டெய்லர் காகிதம் எதுவும் காட்டாமல் இருந்தால், மண் சுமப்பவருக்கான தொகையோடு தப்பித்துவிடுவார். ஊகத்தால் உண்மையில் நஷ்டப்படுபவர், பெரும்பாலும், அவர் மனைவிதான்.

அடுத்த ஆட்சேபம் இந்த ஊருக்கே உரியது: இங்கே பெண்களும் வேலைக்குப் போகிறார்களே, பிறகு எதற்கு ஜீவனாம்சம்? 1980-களில் ஏற்றுமதி வளரும் வரை பனியன் கம்பெனி பெரும்பாலும் ஆண்களின் இடம்; மனைவியின் வருமானம் என்ற கேள்வியே எழவில்லை. இன்று குறுக்கு விசாரணையில் முதல் கேள்வியே எந்தக் கம்பெனிக்குப் போகிறீர்கள் என்பதுதான். அவள் ஆம் என்றால் வருமானம் உண்டு, இல்லை என்றால் பொய்சாட்சி என்று இரண்டு பக்கமும் கண்ணி. சட்டம் இதில் நிதானமாகவே நடந்திருக்கிறது. மனைவியின் சொந்த வருமானத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று பகவான் தத் வழக்கில் 1970-களிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2007-இல் சதுர்புஜ் வழக்கில் அதன் எல்லையைச் சொன்னது: கொஞ்சம் சம்பாதிக்கிறாள் என்பதற்காக மனு தள்ளுபடி ஆகாது, கணவன் வீட்டில் வாழ்ந்த மாதிரி வாழ அது போதுமா என்பதே கேள்வி. சம்பாதிக்கத் திறன் இருப்பதும் சம்பாதிப்பதும் வேறு என்று 2017-இல் இன்னொரு தீர்ப்பு. செக்கிங்கிலும் கைமடிப்பிலும் பெண்களுக்கான ஷிப்ட் கூலி டெய்லர், கட்டிங் கூலியைவிடக் குறைவு. அதோடு பிள்ளை அவளிடம் இருக்கும், வாடகை அவள் தருவாள், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஷிப்ட் போவதும் அவளுக்குத்தான். ஆகவே அவள் சம்பாதிக்கிறாள் என்பது தொகையைக் குறைக்கும் வாதமாக இருக்கலாம். கதவைச் சாத்தும் வாதமாக இருக்க முடியாது. இன்னும் ஒன்று உண்டு. கணவன் ஒன்றரை ஷிப்ட் ஓட்ட முடிந்தது சோறாக்கிக் கொடுத்து வீட்டை ஒருத்தி பார்த்துக்கொண்டதால். 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி, வெளிநாட்டில் சம்பாதித்த கணவன் வாங்கிய சொத்தில் இல்லத்தரசியான மனைவிக்குச் சம பங்கு உண்டு என்று தீர்ப்பளித்தபோது ஏற்றுக்கொண்டது இந்த உண்மையைத்தான். சொத்தில் அந்தப் பார்வை வந்துவிட்டது, ஷிப்ட் கூலியில் இன்னும் வரவில்லை.

2020 நவம்பர் 4-இல் உச்ச நீதிமன்றம் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் இந்தத் துறையையே ஒழுங்குபடுத்த முனைந்தது. இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும். தொகை மனு போட்ட நாளிலிருந்து ஓட வேண்டும். இடைக்கால மனு 4 முதல் 6 மாதத்துக்குள் முடிய வேண்டும். நல்ல தீர்ப்பு. பிரமாணப் பத்திர மாதிரிகள் மூன்று: பொதுவாக ஒன்று, விவசாயிகளுக்கு ஒன்று, தாய்வழிச் சமூகங்கள் வாழும் மேகாலயாவுக்கு ஒன்று. தினக்கூலிகளும் வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களும் பத்திரமே தர வேண்டாம் என்று விலக்கு. இந்த விலக்கு இரக்கத்தில் பிறந்தது என்பதில் ஐயமில்லை. படிப்பறிவில்லாத கூலிக்காரரை 10 பக்கப் படிவத்தால் வதைக்கக் கூடாது. ஆனால் விளைவு என்ன? மாதச் சம்பளக்காரருக்கு ஒரு படிவம், நிலக்காரருக்கு ஒரு படிவம், கூலிக்காரருக்கு வெற்றிடம். 1861-இல் கண்ணில் படாதவர் 2020-இலும் படவில்லை. அந்த விலக்கு ஊகத்தின் கைக்கே வழக்கைத் திருப்பி அனுப்புகிறது.

தொகையை விதிப்பதைவிட வசூலிப்பது பெரிய கதை. சிவில் நடைமுறைச் சட்டம் 60-ஆம் பிரிவு, சம்பளக்காரரின் சம்பளத்தை ஜீவனாம்ச டிகிரிக்காக மூன்றில் இரண்டு பங்கு வரை ஜப்தி செய்ய விடுகிறது. அதே பிரிவில் (எச்) உட்பிரிவு, தொழிலாளியின் கூலியை எந்த டிகிரிக்கும் தொட முடியாது என்கிறது. திறன் பெற்றவர், பெறாதவர், அரைத்திறன் பெற்றவர் எல்லாரும் தொழிலாளியே என்று ஒரு விளக்கமும் பின்னால் சேர்ந்தது. கந்துவட்டிக்காரரிடமிருந்து தொழிலாளி குடும்பத்தைக் காப்பாற்ற எழுதப்பட்ட வேலி அது. அந்தக் குடும்பமே கடன் கேட்டு வாசலில் நிற்கும்போதும் வேலி வேலியாகவே இருக்கிறது. மிச்சம் இருப்பது 125-ஆம் பிரிவின் வழி, அதாவது 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தின் 144-ஆம் பிரிவு: வாரண்டு, கட்டாவிட்டால் ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறை. சிறைக்குப் போனாலும் கடன் தீராது என்று 1988-இல் குல்தீப் கௌர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது சரி. ஆனால் உள்ளே இருப்பவர் தைக்க மாட்டார், தைக்காதவர் கொடுக்க மாட்டார். இங்கிலாந்தும் நெடுங்காலம் சிறையையே நம்பியிருந்துவிட்டு, 1958-இல் ஜீவனாம்சத்துக்காகக் கூலியிலேயே பிடித்தம் செய்யும் முறைக்கு மாறியது. 1974-இல் நடைமுறைக்கு வந்த நம் குற்றவியல் நடைமுறைச் சட்டம் ஒரு நல்ல காரியம் செய்தது: கணவன் எங்கிருக்கிறான் என்று தேடி அலையாமல், மனைவி தான் வசிக்கும் ஊரிலேயே மனு போடலாம். மதுரை, தேனியிலிருந்து வந்து குடியேறி, பிரிந்த பின் பிறந்த ஊருக்குத் திரும்பும் பெண்களுக்கு இது பெரிய சௌகரியம். மனு அங்கே போட்டாலும் ஆள் இங்கே, ஒரு லைனிலிருந்து இன்னொரு லைனுக்குக் கம்பெனி மாறிக்கொண்டே இருப்பான் என்பது தீராத சங்கடம்.

இதனால்தான் மக்கள் நீதிமன்றத்திலும் சமரச மையத்திலும் ‘ஒரே தடவையாக வாங்கிக்கொண்டு முடித்துவிடு’ என்ற பேச்சு ஓங்குகிறது. மாதம் 5,000 விதித்து மூன்று ஆண்டு பாக்கி ஏறினால் 1,80,000. வாரக் கூலிக்காரர் அதை ஒருபோதும் கட்டப்போவதில்லை என்று எல்லாருக்கும் தெரியும்; ஒரு லட்சத்துக்கு இறங்கிப் பேசுவார்கள். பெண்கள் பேராசையால் மொத்தத் தொகை கேட்கிறார்கள் என்று சொல்வோர், மாதத் தொகை வந்து சேராத ஊரில் மொத்தத் தொகை கேட்பதுதான் விவேகம் என்பதை மறந்துவிடுகிறார்கள். பழைய பஞ்சாயத்தின் பேரம் நீதிமன்ற முத்திரையோடு திரும்பி வந்திருக்கிறது. பெண்ணும் மேசையில் இருக்கிறாள் என்பது நிச்சயமாக முன்னேற்றம். பேரத்துக்கும் வழியில்லாதவர்களை அரசு ஏந்திக்கொண்டது. 1986 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு தொடங்கிய, கணவனால் கைவிடப்பட்ட பெண்களுக்கான ஓய்வூதியம் 30 வயது நிரம்பி, 5 ஆண்டாவது கைவிடப்பட்டிருந்தால் கிடைக்கும். அந்த 5 ஆண்டுக்கு அவள் என்ன செய்வாள் என்பதற்கு விதிகளில் விடை இல்லை.

சட்டத்தைத் திருத்தும் வரை காத்திருக்கத் தேவையில்லை என்பதுதான் இதில் ஆறுதலான பகுதி. 1984-இன் குடும்பநல நீதிமன்றச் சட்டம் 14-ஆம் பிரிவு, சாட்சியச் சட்டப்படி ஏற்கத்தக்கதோ இல்லையோ, வழக்கைத் தீர்க்க உதவும் எந்த ஆவணத்தையும் நீதிபதி எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. திருப்பூரில் அத்தகைய ஆவணம் அச்சிலேயே இருக்கிறது: முதலாளிகள் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் சில ஆண்டுக்கு ஒருமுறை போடும் கூலி ஒப்பந்தம். கட்டிங்குக்கு இவ்வளவு, பவர் டேபிளுக்கு இவ்வளவு, அயர்னிங்குக்கு, செக்கிங்குக்கு, கைமடிக்கு இவ்வளவு என்று பிரிவு பிரிவாக ஷிப்ட் கூலி அதில் உண்டு. பாத்திரத் தொழிலுக்கும் அப்படியே ஒப்பந்தம் உண்டு. கணவன் என்ன வேலை செய்கிறான் என்பது மட்டும் நிரூபணமானால் போதும். அதை நிரூபிக்கச் சம்பளச் சீட்டு வேண்டாம், பக்கத்து மெஷின்காரர் சொன்னாலே தெரிந்துவிடும். ஒப்பந்தக் கூலியை ஓர் ஆண்டுக்குச் சராசரியாகக் கிடைக்கும் ஷிப்டுகளால் பெருக்கினால், அலகாபாத்தின் 300 ரூபாய் ஊகத்தைவிட உண்மைக்கு நெருங்கிய தொகை வரும். ஒப்பந்தக் கூலியை எல்லாக் கம்பெனியும் தருவதில்லையே என்று கணவன் தரப்பு சொல்லும். சொல்லட்டும். குறைவாகத்தான் வாங்குகிறேன் என்று காட்டும் பொறுப்பு அப்போது அவர் மீது விழும். கான்ட்ராக்டரின் பாக்கெட் நோட்டை நீதிமன்றத்துக்குக் கொண்டுவர வேண்டிய அவசரமும் முதல்முறையாக அவருக்கே வரும்.